7 பேர்ச் என்றால் எவ்வளவு? ஒரு குட்டிச் சொல்லும் அதன் பல கணக்குகளும்

இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளருக்கான வீடமைப்பு பற்றிய செய்தி எதை எடுத்தாலும் அதில் ஓர் எண்ணும், அதையொட்டி ‘பேர்ச்’ என்ற சொல்லும் இருக்கும். முதலில் 7 பேர்ச் என்றார்கள். பிறகு 10 பேர்ச் என்றார்கள். 20 பேர்ச் வேண்டும் என்ற கோரிக்கையும் மேடைகளில் கேட்கிறது. சண்டையெல்லாம் எண்ணைப் பற்றித்தான். அலகு என்ன என்று கேட்டால் பலரும் ‘இவ்வளவு இருக்கும்’ என்று கையை விரித்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தோட்டத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நீலகிரிக்குப் போன உறவினரிடம் தொலைபேசியில் ‘7 பேர்ச் கிடைத்திருக்கிறது’ என்றால், அவர் ‘அது எத்தனை சென்ட்?’ என்று கேட்கிறார். இங்கே சென்ட் என்றால் சில்லறைக் காசு அல்லது வாசனைத் திரவியம். இரு பக்கமும் தமிழ்தான் பேசுகிறார்கள். அளவு மட்டும் கை மாறவில்லை.

அட்டன், பதுளை, இரத்தினபுரி எங்கும் புழங்கும் இந்தச் சொல் வேறு நாடுகளில் வேறு அளவைக் குறிக்கிறது. சில மொழிகளில் அது அளவே அல்ல.

முதலில் கணக்கு

இலங்கையில் நாம் சொல்லும் பேர்ச், பரப்பளவு. சரியாகச் சொன்னால் ‘சதுர பேர்ச்’. ‘சதுர’ என்ற பகுதி பேச்சில் உதிர்ந்துவிட்டது. அடிப்படையில் பேர்ச் ஒரு நீளம்: 5½ யார், அதாவது 16½ அடி. பக்கத்துக்கு 16½ அடி உள்ள ஒரு சதுரத்தை நிலத்தில் வரைந்தால் அதற்குள் அடங்குவது ஒரு பேர்ச் காணி.

1. 1 பேர்ச் = 272.25 சதுர அடி = ஏறத்தாழ 25.29 சதுர மீற்றர்.
2. 40 பேர்ச் = 1 றூட்.
3. 4 றூட், அதாவது 160 பேர்ச் = 1 ஏக்கர்.
4. 7 பேர்ச் = 1,905.75 சதுர அடி = ஏறத்தாழ 177 சதுர மீற்றர்.
5. 10 பேர்ச் = 2,722.5 சதுர அடி = ஏறத்தாழ 253 சதுர மீற்றர்.
6. 20 பேர்ச் = ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு.

40 அடி அகலமும் ஏறத்தாழ 47½ அடி நீளமும் கொண்ட செவ்வகத்தை மனத்தில் வரைந்துகொண்டால் அதுவே 7 பேர்ச்.

நீலகிரி உறவினருக்கான பதிலும் இதில் இருக்கிறது. இந்தியச் சென்ட் என்பது ஏக்கரில் நூறில் ஒரு பங்கு. நம் பேர்ச் நூற்றறுபதில் ஒரு பங்கு. ஆகவே பேர்ச் எண்ணிக்கையை 1.6 ஆல் வகுத்தால் சென்ட் வந்துவிடும். 7 பேர்ச் 4.375 சென்ட், 10 பேர்ச் 6.25 சென்ட். சென்னைக்காரர் ‘கிரவுண்டு’ கணக்கில் கேட்டால், 2,400 சதுர அடி கொண்ட அவருடைய ஒரு கிரவுண்டு நமக்கு 8.8 பேர்ச். யாழ்ப்பாணத்தில் ‘பரப்பு’ என்பார்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதால் 10 பேர்ச் அங்கே 1 பரப்பு.

கம்பு எப்படிக் காணியானது

சொல்லின் வேர் இலத்தீன். ‘பெர்ட்டிகா’ என்றால் நீண்ட கம்பு. நிலத்தை அளக்கக் கம்பை வைத்தார்கள்; கம்பின் பெயர் நீளத்துக்கு ஆயிற்று; நீளத்தின் பெயர் அதைப் பக்கமாகக் கொண்ட சதுரத்துக்கு ஆயிற்று. பழைய பிரெஞ்சு வழியாக அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் ‘பேர்ச்’ என்று நுழைந்தது. ஆங்கிலத்தில் இதே நீளத்துக்கு ‘ரொட்’, ‘போல்’ என்ற வேறு இரண்டு பெயர்களும் உண்டு. அவற்றுக்கும் பொருள் கம்புதான்.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான பாதை அல்ல. சோழர் கல்வெட்டுகளில் நிலம் ‘கோல்’ கொண்டு அளக்கப்பட்டது. கோல் என்றாலும் கம்புதான். 12 சாண் கோல் இருந்தது, 16 சாண் கோல் இருந்தது. ஒரு கோல் சதுரம் ‘குழி’. கோல் நீண்டால் குழியும் பெரிதாகும். ஓர் ஊரில் 100 குழி ஒரு மா, இன்னோர் ஊரில் 256 குழி ஒரு மா. ஆகவே கல்வெட்டில் ‘இத்தனை குழி’ என்று படித்தவுடன் ஆராய்ச்சியாளர் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்தக் கோலால்?’ பேர்ச்சையும் அப்படித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் அந்தக் கேள்விக்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ஒரு சட்டவாசகம் பதில் கொடுத்தது. உலர்ந்த வாற்கோதுமை மணி மூன்று ஓர் அங்குலம், 12 அங்குலம் ஓர் அடி, 3 அடி ஒரு யார், 5½ யார் ஒரு பேர்ச், 40 பேர்ச் நீளமும் 4 பேர்ச் அகலமும் ஓர் ஏக்கர். 16½ என்ற அரைகுறை எண் இப்படித்தான் நிலைபெற்றது. 1620ஆம் ஆண்டளவில் எட்மண்ட் கண்டர் என்ற கணித அறிஞர் 66 அடி நீளச் சங்கிலி ஒன்றை வடிவமைத்தார். 4 பேர்ச் ஒரு சங்கிலி; 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். 1800ஆம் ஆண்டு கொழும்பில் நில அளவைத் திணைக்களம் தொடங்கியபோது ஆங்கிலேயர் கையோடு கொண்டுவந்த அளவுமுறை இது. கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் காடு அளந்து விற்கப்பட்டது ஏக்கர், றூட், பேர்ச் கணக்கில்தான். அளந்து கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். பேர்ச் உறுதிப்பத்திரங்களில் தங்கிவிட்டது.

ஒரே பெயர், ஒத்துவராத அளவுகள்

இலங்கையில் 25.29 சதுர மீற்றர் என்பது உலகப் பொதுவான உண்மை அல்ல.

1. அயர்லாந்தின் பழைய பேர்ச் 21 அடி. அதன் சதுரம் ஏறத்தாழ 41 சதுர மீற்றர்.
2. பாரிசின் பழைய ‘பெர்ஷ்’ 18 பிரெஞ்சு அடி. சதுரம் ஏறத்தாழ 34 சதுர மீற்றர். அதே பிரான்சில் காட்டு இலாகாவின் பெர்ஷ் 22 அடி. சதுரம் 51 சதுர மீற்றர்.
3. மிலான் பக்கத்து ‘பெர்ட்டிகா’ ஒரே தாவலில் 654 சதுர மீற்றர். அது கம்பின் சதுரமே அல்ல, தனி வயல் அலகு.
4. மொரீசியசில் இன்றும் காணி ‘பெர்ஷ்’ கணக்கில் விற்கப்படுகிறது. அங்கே ஒரு பெர்ஷ் ஏறத்தாழ 42.2 சதுர மீற்றர்.

நான்காவதில் சற்று நிற்கலாம். மொரீசியசும் நம்மைப் போலப் பெருந்தோட்டத் தீவு. அங்கே கரும்பு, இங்கே தேயிலை. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களில் தமிழரும் உண்டு. அந்த நாட்டு ரூபாய்த் தாளில் இன்றும் தமிழ் எழுத்து இருக்கிறது. ஆங்கிலேயருக்கு முன் பிரெஞ்சுக்காரர் ஆண்டதால் அங்கே பிரெஞ்சுக் கம்பு நின்றுவிட்டது. இங்கே ஆங்கிலக் கம்பு. விளைவு: தோட்டத் தமிழரின் வழிவந்த இரண்டு குடும்பங்கள், ஒன்று போர்ட் லூயிசிலும் மற்றது நுவரெலியாவிலும், ‘எங்களுக்கு 7 பேர்ச்’ என்று சொல்லிக்கொண்டால், முதல் குடும்பத்திடம் 295 சதுர மீற்றரும் இரண்டாவதிடம் 177 சதுர மீற்றரும் இருக்கும். உச்சரிப்பில் ‘ச்’, ‘ஷ்’ வேறுபாடு. நிலத்தில் 118 சதுர மீற்றர் வேறுபாடு.

அளவே அல்லாத பேர்ச்கள்

அளவை விட்டு வெளியே வந்தால் சொல் இன்னும் சிதறுகிறது. இந்தச் சிதறலில் மூன்று வகை உண்டு. இவற்றைக் கலந்துவிடுவதால்தான் ‘உலக மொழிகளெல்லாம் ஒன்று’ போன்ற அவசர முடிவுகள் பிறக்கின்றன.

1. வேர் ஒன்று, பொருள் நகர்ந்தது. ஆங்கிலத்தில் பறவை அமரும் தண்டு பேர்ச், அமர்வதும் பேர்ச். பிரெஞ்சில் கழி ஊன்றித் தாண்டும் விளையாட்டின் பெயரில் பெர்ஷ் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் ‘பெர்ச்சா’ சட்டை மாட்டும் கொக்கி. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த இலத்தீன் கம்புதான்.

2. வேர் இரண்டு, வடிவம் ஒன்றானது. ஆங்கிலத்தில் பேர்ச் என்று ஒரு நன்னீர் மீனும் உண்டு. அது கிரேக்கத்தின் ‘பெர்க்கே’ என்ற மீன் பெயரிலிருந்து வந்தது. கம்புக்கும் மீனுக்கும் உறவு இல்லை. காலப்போக்கில் ஒலி தேய்ந்து இரண்டும் ஒரே எழுத்தில் வந்து நின்றன.

3. வெறும் தற்செயல். இத்தாலியில் ‘பெர்க்கே’ என்றால் ‘ஏன்’, அத்துடன் ‘ஏனென்றால்’. ஆங்கில பேர்ச்சோடு அதற்கு எழுத்து ஒற்றுமை மட்டுமே. ஹங்கேரிய மொழியில் ‘பெர்ட்ஸ்’ ஒரு நிமிடம். மலாயில் ‘பெர்ச்சா’ கிழிந்த துணித்துண்டு.

குறுகிய சொற்களுக்கு இது அடிக்கடி நேர்வதில் வியப்பில்லை. ஒரு மொழி பயன்படுத்தும் ஒலிகள் பெரும்பாலும் சில டசன்கள்தான். ஓரசை ஈரசைச் சொற்களை அவற்றிலிருந்து கட்டினால் சேர்க்கைகள் விரைவில் தீர்ந்துபோகும். ஆயிரக்கணக்கான மொழிகள் அதே சேர்க்கைகளைத் திரும்பத் திரும்ப எடுக்கின்றன. நீண்ட சொற்கள் இப்படி மோதிக்கொள்வது அரிது.

கைத்தொலைபேசி மொழிபெயர்ப்புச் செயலிகள் தடுக்கி விழுவதும் இங்கேதான். வாக்கியத்தில் ‘காணி’, ‘ஏக்கர்’ போன்ற துணைச்சொல் இருந்தால் இயந்திரத்துக்கு வழி தெரியும். வெறும் எண்ணோடு பேர்ச் நின்றால் பறவை வந்து உட்கார்ந்துகொள்ளலாம். காணிக் கடிதத்தைச் செயலியிடம் கொடுத்துப் படிப்பவர்கள் எண்ணையும் அலகையும் மூலத்தோடு ஒப்பிடாமல் விடக்கூடாது.

உள்ளூர்க் குழப்பங்கள்

வெளிநாட்டுக்குப் போகாமலேயே மயங்க இங்கே இடமுண்டு.

பழைய உறுதிகளில் பரப்பளவு மூன்று எண்களாக இருக்கும்: ஏக்கர், றூட், பேர்ச். ‘0–0–7’ என்றால் 7 பேர்ச். ‘0–1–7’ என்றால் ஒரு றூட்டும் 7 பேர்ச்சும், அதாவது 47 பேர்ச். நடுவிலுள்ள ஒற்றை எண்ணில் 40 பேர்ச் ஒளிந்திருக்கிறது. போதாக்குறைக்கு, தமிழில் சொல்லும்போது இந்த றூட்டும் பஸ் ஓடும் ரூட்டும் காதுக்கு ஒன்றே. ‘றூட்’ வேறு, 16½ அடியைக் குறிக்கும் ‘ரொட்’ வேறு. முன்னது பரப்பு, பின்னது நீளம்.

புதிய அளவைப் படங்களில் ஹெக்டேயர் இருக்கும். 7 பேர்ச் அங்கே 0.0177 ஹெக்டேயர். புள்ளிக்குப் பின்னால் வரும் அந்தச் சுழியம் தவறி 0.177 என்று விழுந்தால் 70 பேர்ச் ஆகிவிடும். இத்தகைய பிழையைக் கண்ணால் பிடிப்பது கடினம். பேர்ச்சாக மாற்றிப் பார்த்தால் உடனே தெரியும்: ஹெக்டேயரை 395.4 ஆல் பெருக்க வேண்டும்.

‘காணி’ என்ற சொல்லும் நேர்மையானதல்ல. இலங்கைத் தமிழில் அது நிலம், அவ்வளவே. பழைய தமிழ்க் கணக்கில் காணி என்பது எண்பதில் ஒரு பங்கு என்ற பின்னம். சென்னைச் செங்கற்பட்டுப் பக்கத்தில் அது 24 கிரவுண்டு கொண்ட நில அளவு, ஏறத்தாழ 1.32 ஏக்கர். ஆகவே ‘7 பேர்ச் காணி’ என்ற நம் தலைப்புச் செய்தி, அந்தப் பக்கத்து முதியவர் ஒருவருக்கு இரண்டு அலகுகள் முட்டிக்கொண்டு நிற்பதாகத் தெரியும்.

சிங்களத்தில் ‘பர்ச்சஸ் ஹதக்’ என்பார்கள், எண் பின்னால் வரும். ஆங்கிலப் பன்மையின் ‘ஸ்’ சிங்களத்திலும் தமிழிலும் ஒட்டிக்கொண்டு ‘பேர்ச்சஸ்’ ஆகியிருக்கிறது. பத்திரிகைகள் ‘பேர்ச்’ என்றும் ‘பேர்ச்சஸ்’ என்றும் மாறிமாறி எழுதுகின்றன. அளவில் மாற்றம் இல்லை.

7 பேர்ச்சுக்குள் என்ன அடங்கும்

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா, அதாவது அறை, 10க்கு 12 அடி என்று பொதுவாகச் சொல்வார்கள். அது 120 சதுர அடி. அரை பேர்ச்கூட இல்லை. தலைமுறைகள் வாழ்ந்த இடத்தை இந்த அலகில் எழுதவே தசமப் புள்ளி வேண்டும். இந்திய உதவியில் தோட்டப் பகுதிகளில் கட்டப்பட்ட வீடுகள் 550 சதுர அடி. அதாவது 2 பேர்ச். 7 பேர்ச்சில் வீடு போக மீதி 5. அதில் மலக்குழி, படிக்கட்டு, வடிகால், பாதை, மீதியிருந்தால் கறித்தோட்டம். மாட்டுப்பட்டி வைக்க நினைப்பவருக்கு இடம் நெருக்கும். நோர்வூட்டில் 2017ஆம் ஆண்டு இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அந்தக் கட்டத்துக்குப் பேசப்பட்ட அளவு 10 பேர்ச்.

ஒப்பிட இன்னொரு தகவல். இங்கிலாந்தில் நகரவாசிகள் ஓய்வு நேரத்தில் காய்கறி பயிரிட வாடகைக்கு எடுக்கும் துண்டு நிலத்தின் மரபான அளவு 10 சதுர ரொட். அதுவும் நம் 10 பேர்ச்சும் சல்லி பிசகாமல் ஒன்று. அங்கே கத்தரியும் கிழங்கும் வைக்கும் அளவு, இங்கே வீடு, வாசல், எதிர்காலம் எல்லாவற்றுக்கும். கம்பைக் கொண்டுவந்தவர்கள் இந்த ஒப்பீட்டை ரசிக்கமாட்டார்கள்.

மலைநாட்டுக்கே உரிய சிக்கல் சரிவு. அளவைப் படத்திலுள்ள பரப்பு, நிலத்தை மேலிருந்து நேராகப் பார்த்தால் விழும் கிடைப்பரப்பு. சரிவின் மீது நாடா பிடித்து அளந்தது அல்ல. 30 பாகைச் சரிவில் 177 சதுர மீற்றர் காணியின் உண்மையான தரை ஏறத்தாழ 204 சதுர மீற்றர் இருக்கும். கேட்க இலாபமாகத் தோன்றும். ஆனால் வீடு சரிவில் நிற்காது. சமதளம் வெட்ட வேண்டும். அதே சரிவை உள்நோக்கி 20 அடி வெட்டினால் பின்னால் 11½ அடி உயரத்துக்கு மண் செங்குத்தாக நிற்கும். அதற்குத் தாங்குசுவர், மழைநீர் வடிகால், இடைவெளி எல்லாம் அதே 7 பேர்ச்சுக்குள் வர வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண் இறங்கியதைக் கண்டவர்களுக்கு அந்த 11½ அடி வெறும் கணக்கு அல்ல. மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டுமானத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி கேட்கப்படுவது இதனால்தான். தட்டையான நிலத்து 7 பேர்ச்சும் சரிவு நிலத்து 7 பேர்ச்சும் காகிதத்தில் மட்டுமே சமம்.

காகிதத்தில் எதைப் பார்ப்பது

பேர்ச் எவ்வளவு என்பது தெரிந்தபின் மிஞ்சும் கேள்வி, அது யாருடைய பேர்ச். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமை ஆக்கின. 1992இல் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது, நிலம் போகவில்லை. கம்பனிகள் குத்தகைக்காரர்கள். ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் எழுதிக்கொடுக்க வேண்டுமானால் அந்தத் துண்டு முதலில் குத்தகையிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். வீடு கட்டி முடிந்தும் உறுதி கைக்கு வராமல் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதற்கு இந்தச் சங்கிலியும் ஒரு காரணம்.

கையில் காகிதம் வந்ததும் பார்க்க வேண்டியவை:

1. ஆவணத்தின் பெயர். உறுதி, அளிப்புப் பத்திரம், அனுமதிப்பத்திரம் மூன்றும் வெவ்வேறு உரிமைகள். விழா மேடையில் கொடுக்கப்படும் காகிதத்தில் ‘உரிமை’ என்ற சொல் பெரிதாக அச்சாகியிருந்தால் மட்டும் போதாது.
2. அளவைப் படத்தின் இலக்கமும் துண்டு இலக்கமும். இவை இல்லாத ‘7 பேர்ச்’ எங்கே இருக்கிறது என்று காட்ட முடியாது.
3. அட்டவணையில் நான்கு எல்லைகள். வடக்கில் இன்னாருடைய துண்டு, கிழக்கில் பாதை என்று எழுதியிருக்கும். எல்லைக் கல்லை நேரில் பார்த்து ஒப்பிடுவது நல்லது.
4. பரப்பளவு எந்த அலகில் உள்ளது. ஹெக்டேயர் என்றால் மேலே சொன்ன சுழியம்.
5. பாதையுரிமை. 7 பேர்ச்சுக்குப் போகும் வழி வேறொருவர் துண்டின் ஊடாகப் போனால் அது எழுத்தில் இருக்க வேண்டும்.
6. பிரிக்க முடியுமா என்பது. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதிகள் செல்லுபடியாகும் இடங்களில் ஒரு வீட்டுத் துண்டின் பொதுவான குறைந்தபட்சம் 150 சதுர மீற்றர், ஏறத்தாழ 6 பேர்ச். 177ஐ இரண்டாகப் பிரித்தால் 88½ வரும். அங்கே இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் 7 பேர்ச்சை ஆளுக்குப் பாதியாக எழுதிவைக்க வழியில்லை. ஒருவர் பெயருக்கோ இருவரும் சேர்ந்த பங்குரிமையாகவோதான் போகும். 10 பேர்ச்சைப் பிரித்தாலும் ஒரு பாதி 126½ சதுர மீற்றர்தான். 20 பேர்ச் கேட்பவர்களின் கணக்கு இந்த இடத்தில் புரியும்: பாதியாக்கினாலும் ஒவ்வொரு பங்கும் எல்லையைத் தாண்டி நிற்கும் அளவு, பேசப்படும் மூன்றில் அது ஒன்றுதான்.